எஃப்-150க்கு எந்தப் பனி பிளேடு? பிராம்ப்டன் நண்பருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கையில் ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. ஒன்டாரியோவின் பிராம்ப்டனில் அக்கம்பக்கத்து வீடுகள் பத்துப் பன்னிரண்டுக்கும், ஒரு கோயிலின் வாகனத் தரிப்பிடத்துக்கும் இந்தக் குளிர்காலம் பனி வழித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பழைய 8 அடி 2 அங்குல வி-பிளேடு (வண்டியின் முன்னால் பூட்டிப் பனி தள்ளும், நடுவில் மடிந்து வி வடிவம் கொள்ளும் பலகை) ஒன்று மலிவாக வந்திருக்கிறது. அதை வாங்கலாமா? புதிதாக வாங்குவதென்றால் இரும்புப் பலகையா, பாலி என்ற பிளாஸ்டிக் பலகையா, எந்த நிறுவனம்? நீங்கள் கேட்பது பிளேடைப் பற்றித்தான். ஆனால் விடை பிளேடில் இல்லை. உங்கள் வண்டியின் முன் அச்சு எவ்வளவு தாங்கும், வழித்த பனியை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் பிளேடு ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். நிறுவனத்தின் பெயர் கடைசியில் வரவேண்டிய கேள்வி.

பிக்கப் வண்டிகளுக்குப் பிளேடு பொருத்துவதும் அவற்றின் ஹைட்ராலிக், மின்சாரக் கோளாறுகளைச் சரிசெய்வதும் என் தொழில். இரவு விழித்துப் பனி வழித்த குளிர்காலங்களும் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய டம்ப் டிரக்குகள் என் துறை அல்ல; ஆகவே இங்கே சொல்வதை வீட்டு வாசல், சிறு தரிப்பிடம் என்ற அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பும் கிலோவிலும் பவுண்டிலும் அச்சிட்டிருக்கும். பெரும்பாலானோர் மொத்த வரம்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பிளேடு விஷயத்தில் முட்டுக்கட்டையாக நிற்பது முன் அச்சின் வரம்பு. பிளேடு வண்டியின் மேல் உட்காருவதில்லை. முன் சக்கரத்துக்கும் முன்னால், காற்றில் தொங்குகிறது. அதனால் பிளேடின் எடையை விடக் கூடுதலான பாரம் முன் அச்சில் இறங்குகிறது, பின் அச்சு இலேசாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 12 அடி, பிளேடின் எடைமையம் முன் அச்சிலிருந்து 5 அடி முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 700 பவுண்டு பிளேடைத் தூக்கினால் முன் அச்சில் ஏறுவது 700 அல்ல, ஏறத்தாழ 990. பின் அச்சிலிருந்து சுமார் 290 குறைகிறது. உங்களுக்கு வந்திருக்கும் 8 அடி 2 அங்குல வி-பிளேடு போன்றவை பெரும்பாலும் 800 முதல் 900 பவுண்டு வரை இருக்கும். 850 என்று கொண்டால் முன் அச்சில் 1200 பவுண்டு. உங்கள் எஃப்-150 போன்ற அரை டன் வகைப் பிக்கப் ஒன்றில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்த பிறகு முன் அச்சில் அவ்வளவு இடம் மிச்சமிருக்காது.

ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எரிபொருள் தொட்டியை நிரப்பி, ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடையிலோ சரளைக்கல் விற்கும் இடத்திலோ உள்ள எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினால் இப்போது முன் அச்சில் இருக்கும் எடை தெரிந்துவிடும். வரம்பிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. வரம்பை மீறிப் பூட்டினால் முதல் நாளே எதுவும் உடையாது. அதனால்தான் பலர் துணிகிறார்கள். பால் ஜாயின்ட், சக்கர பேரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் இரண்டு மூன்று பருவங்களில் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லிக் கேட்கும். அதைவிட முக்கியம், பின் சக்கரம் இலேசான வண்டி பனியில் பிரேக் அடித்தால் நிற்காது. இலேசானதைச் சரிக்கட்டத்தான் பின்பெட்டியில் மணல் மூட்டை. பின் அச்சுக்கு 3 அடி பின்னால் 400 பவுண்டு வைத்தால் முன் அச்சிலிருந்து 100 பவுண்டு குறையும், பின்னால் 500 ஏறும். அதே மூட்டையை ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்தால் பலன் தலைகீழ். பின் கதவை ஒட்டி வைத்து, முன்னால் நகராதபடி மரச்சட்டம் அடித்துக் கட்டுங்கள். மோதலில் 60 பவுண்டு மூட்டை ஒன்று முன்னால் பறந்து வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பனி பிளேடுக்காகவே தொழிற்சாலையில் வலுவூட்டிய வண்டிகளும் உண்டு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் அதற்கெனத் தனித் தொகுப்பு இருக்கிறது. ஜிஎம் வண்டிகளில் விஒய்யு என்ற குறியீட்டில் கிடைக்கும். ராம் அதை ஸ்னோ சீஃப் என்கிறது. கனமான முன் ஸ்பிரிங், பெரிய ஆல்டர்னேட்டர் போன்றவை அதில் அடங்கும். உங்கள் வண்டியில் அது இல்லாவிட்டால் பிளேடே போட முடியாது என்று பொருளில்லை. பிளேடு தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் வண்டியின் மாடல், ஆண்டு, இருக்கை அமைப்பு எல்லாம் கொடுத்தால் எந்தப் பிளேடு பொருந்தும், எவ்வளவு பாரம் பின்னால் வைக்க வேண்டும் என்று சொல்லும் தேர்வுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். விற்பவரிடம் அந்தத் தாளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அகலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அது பலருக்கும் பிறகுதான் உறைக்கிறது. பிளேடை நேராக வைத்து யாரும் நெடுநேரம் தள்ளுவதில்லை. பக்கவாட்டில் சாய்த்துத்தான் தள்ளுவோம். வழக்கமான சாய்வு 30 பாகை. அப்போது 7½ அடி பிளேடு வழிக்கும் அகலம் 6½ அடி, அதாவது 78 அங்குலம். எஃப்-150இன் உடல் அகலம் ஏறத்தாழ 80 அங்குலம். ஆக 7½ அடி என்பது உங்கள் சக்கரத்தடத்தை மயிரிழையில் மூடும் அளவு. 7 அடி வாங்கினால் வழிக்காத பனியின் மேல் ஒரு சக்கரம் ஏறி அதை இறுக்கிவிடும். இறுகியதை மறுபடி எளிதில் சுரண்ட முடியாது. 8 அடியும் அதற்கு மேலும் முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்கு உரியவை. எனவே உங்கள் அகலம் 7½ அடி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய வி-பிளேடை, அது இலவசமாகவே வந்தாலும், விட்டுவிடுங்கள்.

அது கைமாறி வந்தது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியின் சட்டத்தில் பூட்டும் மவுண்ட் அந்தந்த வண்டிக்கென்றே தயாராவது. ஒரு சில்வராடோவில் இருந்த பிளேடு உங்கள் எஃப்-150இல் ஏற, புதிய மவுண்டும் புதிய மின்கம்பித் தொகுதியும் வாங்கியாக வேண்டும். மலிவு அங்கேயே பாதி கரைந்துவிடும். தெரிந்த வெல்டரிடம் கொடுத்து மவுண்ட் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றுப்பை விரியும் விதமும் வண்டிச் சட்டம் நசுங்கும் விதமும் அந்த மவுண்டோடு தொடர்புடையவை. வேறு பழைய பிளேடு பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். பிளேடை வண்டியோடு இணைக்கும் ஏ-வடிவச் சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, இணைப்பு முளைகள் செருகும் துளைகள் வட்டம் போய் முட்டை வடிவமாகியிருக்கின்றனவா, ஹைட்ராலிக் தண்டில் துருப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்டில் புள்ளி விழுந்திருந்தால் சீல் மாற்றினாலும் எண்ணெய் மறுபடி கசியும்.

இனி, பனியை எங்கே போடுவது. இதுதான் உண்மையான கேள்வி. பிராம்ப்டனின் புதிய குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே, அதன் முடிவில் கராஜ் கதவு. கதவை நோக்கித் தள்ள முடியாது. பிளேடைத் தூக்கியபடி கதவருகே போய், இறக்கி, பின்னோக்கி இழுத்து வரவேண்டும். இழுத்த பனி சாலைக்கு வந்து நிற்கும். அதை அங்கே விட்டுவிடவும் முடியாது: ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, சாலையைப் பராமரிக்கும் அமைப்பின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாலையில் பனியோ பனிக்கட்டியோ கொட்டக் கூடாது என்கிறது. எதிர்வீட்டுப் புல்தரையில் தள்ளினால் சட்டம் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரர் வந்துவிடுவார். மிஞ்சுவது அந்த வீட்டின் குட்டிப் புல்தரை. அதில் ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய் மூடி, ஒரு மின்கம்பம். 2022 ஜனவரி 17 அன்று டொராண்டோவின் கார்டினர், டான் வேலி விரைவுச்சாலைகள் மூடப்படும் அளவுக்குக் கொட்டியதே, அப்படிப்பட்ட ஒரு நாளில் பன்னிரண்டு வீட்டுப் பனியையும் முன்பக்க பிளேடால் அந்தப் புல்தரைகளில் ஏற்ற முடியுமா? இந்தப் பகுதியில் வீட்டு வாசல்களைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் பல, டிராக்டரின் பின்னால் பொருத்தும் தலைகீழ் ஸ்னோபுளோவருக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். கியூபெக்கின் நார்மாண்ட், ப்ரோநோவோ இயந்திரங்கள் அந்த வகை. டிராக்டர் டிரைவ்வேக்குள் பின்னோக்கிப் போய், புளோவரை இறக்கி, முன்னோக்கி வந்துகொண்டே பனியைப் புல்தரை மேல் வீசிவிட்டுப் போகிறது. பிளேடு தள்ளும், வீசாது. நெருக்கமான குடியிருப்பில் வீசுவதற்குத்தான் மதிப்பு.

டிராக்டர் வாங்கச் சொல்லவில்லை. வாசல்கள் பன்னிரண்டையும் பிக்கப் பிளேடால் மட்டும் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள் என்கிறேன். பிளேடால் இழுத்தபின் ஓரங்களுக்கும் கதவடிக்கும் கையால் தள்ளும் ஸ்னோபுளோவர் ஒன்று பின்பெட்டியில் இருந்தாக வேண்டும். பிளேடைத் தேர்ந்தெடுக்கும்போதும் பின்னோக்கி இழுப்பதையே முதலில் பாருங்கள். சாதாரண பிளேடு இழுக்கும்போது தன் எடையால் மட்டுமே தரையைத் தொடுகிறது. நாலு அங்குல ஈரப்பனி என்றால் மேலே மிதந்து வந்துவிடும். ஹைட்ராலிக்கால் கீழ்நோக்கி அழுத்தும் வசதி உள்ள பிளேடுகள் இருக்கின்றன. இலேசான பிளேடுக்கு அந்த வசதி மிகவும் உதவும். உங்கள் நிலையில் நான் கூடுதல் பணம் கொடுப்பது இது ஒன்றுக்கு மட்டும்தான்.

கோயில் தரிப்பிடம் வேறு கதை. அங்கே தள்ள இடம் உண்டு, குவிக்க மூலை உண்டு. ஆனால் நேரம் இல்லை. காலைப் பூசைக்கு ஆட்கள் வருவதற்குள் முடிய வேண்டும். பெரிய தரிப்பிடங்களில் வி-பிளேடின் அருமை தெரியும். வி வடிவில் வைத்தால், நகராட்சி வண்டி வாசலில் விட்டுப்போன பனிமதிலைப் பிளக்கும். கிண்ண வடிவில் பனி இரு பக்கமும் சிந்தாமல் அள்ளிக்கொண்டு போகும். இறக்கைகள் நீளும் பிளேடுகளும் அப்படியே. இரண்டும் கனமானவை, விலை கூடியவை. புதிய வி-பிளேடு பொருத்தி முடிக்கும்போது பத்தாயிரம் டாலரைத் தாண்டும். பாஸ் போன்ற சில நிறுவனங்கள் அரை டன் வண்டிகளுக்கென்றே இலேசான வி-பிளேடு செய்கின்றன. எடைமேடைக் கணக்கு இடம் கொடுத்தால் அதைப் பரிசீலிக்கலாம். தரிப்பிடத்தில் முப்பது நாற்பது கார்களுக்கு மேல் நிற்கும் என்றால் அந்த ஒப்பந்தத்தை இந்த வண்டியோடு எடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை. வண்டியால் முடியாது என்பதல்ல. பிளேடைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டார் நள்ளிரவில் போனால் மாற்று வண்டி உங்களிடம் இல்லை, காலையில் கோயில் வாசல் மூடிக் கிடக்கும்.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது அனுபவசாலிகளுக்குள்ளேயே சண்டை நடக்கும் விஷயங்கள். என் சொல்லை ஒரு தரப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பா பாலியா என்று கேட்டீர்கள். பாலி பலகையில் ஈரப்பனி ஒட்டாமல் வழுக்கிப் போகும், துருப்பிடிக்காது, சிறு இடியில் சொட்டை விழாது. இது உண்மை. பாலி இலேசானது என்பது மட்டும் உண்மையல்ல. பாலித் தகடு தானாக நிற்காது. பின்னால் இரும்புச் சட்டம் கூடுதலாக வேண்டும். பல மாடல்களில் பாலிதான் கனம் கூடியது. துருவும் முதலில் பிடிப்பது பலகையில் அல்ல, பின்சட்டத்தில்; அது இரண்டிலும் இரும்புதான். துருப்பிடிக்காத எஃகில் ஸ்னோடாக் போன்றவை இருக்கின்றன, வழுக்கும் தன்மை அதிலும் நன்று. ஒன்டாரியோவின் உப்புச் சாலையில் பருவம் முடிந்ததும் கழுவி, எண்ணெய் பூசி வைப்பவர் எந்தப் பலகை வாங்கினாலும் நெடுநாள் ஓட்டுவார். இரண்டுக்கும் விலை ஒன்று என்றால் நான் எடையில் குறைந்ததை எடுப்பேன்.

தடையில் மோதும்போது மடங்கும் முறையிலும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்றில் பலகை முழுவதும் முன்னோக்கிச் சாயும்; வெஸ்டர்னின் நேர் பிளேடுகள் அந்த வகை. மற்றதில் அடிவிளிம்பு மட்டும் மடங்கும். ஃபிஷர் நெடுங்காலமாக அதைத்தான் செய்கிறது. அடிவிளிம்பு மடங்கும்போது தள்ளிய பனி சிந்தாது, பலகை நிமிர்ந்தே நிற்கும். ஆனால் மோதும் பொருள் அந்த விளிம்பை விட உயரமாக இருந்தால் மடங்கிப் பயனில்லை, அடி முழுவதும் வண்டிக்கு வரும். வி-பிளேடில் அடிவிளிம்பு மடங்குவது நல்லது, ஏனென்றால் வி வடிவில் நிற்கும் பலகைக்கு முழுதாகச் சாய இடமில்லை. பாஸ் தன் டிஎக்ஸ்டி வகையில் இரண்டையும் ஒரே பிளேடில் வைத்திருக்கிறது. மெதுவாக ஓட்டும் நேர் பிளேடுக்காரருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

நிறுவனம் என்று கேட்டால், வெஸ்டர்ன், ஃபிஷர், ஸ்னோஎக்ஸ் மூன்றும் டக்ளஸ் டைனமிக்ஸ் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாஸ் 2014 முதல் டோரோவின் கையில் இருக்கிறது. ஆக, தரத்தில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள், பனி கொட்டும் இரவில் கதவு திறந்திருக்கும், ஹோஸும் சொலினாய்டும் அலமாரியில் இருக்கும் விற்பனையாளர் யாருடைய பிளேடை விற்கிறாரோ அதுவே உங்கள் நிறுவனம். நவம்பரில் போய்க் கேட்டுப் பாருங்கள்: சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பு மோட்டார் இயங்கும்போது மின்கலத்திலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். மின்கலம் நாலைந்து ஆண்டு பழையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். இன்டர்லாக் கல் பதித்த வாசல்களில் இரும்பு அடிவிளிம்பு கல்லின் முனையைப் பெயர்க்கும். அங்கே ரப்பர் அல்லது யூரித்தேன் விளிம்பு வேண்டும், ஆனால் அது இறுகிய பனியைச் சுரண்டாது. சரளைக்கல் வாசலுக்குக் காலணி போன்ற அடித்தாங்கிகள் தேவை. தார் வாசலில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். புதிய எஃப்-150 என்றால் முன்பக்க ரேடார், மோதல் தவிர்ப்பு பிரேக் ஆகியவை பிளேடைப் பார்த்துக் குழம்பும். அவற்றை நிறுத்திவைக்கும் வழியைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடைத் தூக்கி நெடுஞ்சாலையில் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறையும்; சூடு ஏறினால் பிளேடைச் சாய்த்துப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

பணம் வாங்கி வழிக்கிறீர்கள் என்பதால் காப்பீட்டைத் தொடாமல் விட முடியாது. சொந்த உபயோகத்துக்கான வாகனக் காப்பீட்டோடு கூலிக்குப் பனி வழித்தால், விபத்து நேரும் நாளில் அந்தக் காகிதம் உதவாமல் போகலாம். வணிக வாகனக் காப்பீடும் தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும்; விலை கேட்டுத் திடுக்கிடுவீர்கள், எனவே பிளேடு வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பனியில் வழுக்கி விழுந்தவர் வழக்குத் தொடுக்க விரும்பினால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற திருத்தம் ஒன்டாரியோவில் 2021 ஜனவரி 29 முதல் நடப்பில் இருக்கிறது. அறிவிப்பு கோயிலுக்கு வந்தாலும் அது உங்களிடமும் வந்து சேரும். எந்த நாள், எத்தனை மணிக்கு வழித்தீர்கள், உப்புப் போட்டீர்களா என்று குறித்து வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். வண்டியின் மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்டினால் வணிக வாகனத்தை வைத்துத் தொழில் நடத்துபவருக்கான சிவிஓஆர் பதிவும் சேர்ந்துகொள்ளும். வாடகைக்கு உப்புத்தூவி ஒன்றைப் பின்னால் ஏற்றும் எண்ணம் வந்தால் இதை நினைவில் வையுங்கள். இவை பற்றி நான் சொல்வது தொழிற்கூடத்தில் நிற்பவன் அறிந்த அளவு. கையெழுத்திடுவதற்கு முன் ஒரு காப்பீட்டுத் தரகரிடமும் நகராட்சியிடமும் நேரில் கேளுங்கள். சில நகராட்சிகள் பனி அகற்றுவோருக்குத் தனி உரிமமும் கேட்கின்றன.

நிலம் உறைவதற்கு முன், நவம்பரின் முதல் வாரங்களில், ஒப்புக்கொண்ட இடங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் நடந்து பாருங்கள். நடைபாதை விளிம்பு, வடிகால் மூடி, வேகத்தடை, புல்தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒவ்வொன்றின் அருகிலும் செம்மஞ்சள் குச்சி நட்டுவிடுங்கள். ஏற்கெனவே உடைந்திருக்கும் கல்லையும் விளிம்பையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். ஏப்ரலில் பனி கரைந்ததும் உடைந்த விளிம்புக்கெல்லாம் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.